சுண்ணாம்புக்குள் போன தெருப்பெயர்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எங்கள் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் புதுச்சேரியைச் சுற்றிச் சுற்றி வந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்புத் தாங்காது. எண்பதுகளின் தொடக்கம் அது. அதற்கு முன் வந்த வரன்களெல்லாம் திருக்கோவிலூர், அரியலூர் என்று கடல் இல்லாத ஊர்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் தட்டிக் கழித்தேன். போர் நினைவுச் சின்னத்தின் தூண்களைத் தொட்டு, பழைய லைட் ஹவுஸை அண்ணாந்து பார்த்து, ஆயி மண்டபத்துப் பக்கம் கடலை கொறித்து வளர்ந்தவள் நான். இதையெல்லாம் விட்டுவிட்டு எவன் பின்னாலோ போக நான் என்ன கிறுக்கியா?

இந்த வரன் காரைக்கால்காரர். மாற்றலாகி இங்கேயே அரசாங்க வேலைக்கு வந்திருந்தார். போட்டோவைக்கூட நான் கேட்கவில்லை. ஊர் கையை விட்டுப் போகாது, அது போதும். இதுவாவது அமைய வேண்டும் என்று மணக்குள விநாயகருக்குச் சிதறுகாய் நேர்ந்துகொண்டேன்.

எங்கள் ஊரில் மூலை வீட்டுச் சுவரில்தான் தெருப்பெயர் இருக்கும். நீல எனாமல் பலகை, மேலே பிரெஞ்சு, கீழே தமிழ். எங்களுடையது மூலை வீடு. மில் வேலைக்குப் போகும் அப்பாவுக்கு அதில் ஒரு கெத்து. யார் வழி கேட்டாலும், "பலகையப் பாத்துட்டு நேரா வந்துருங்க" என்பார். மாப்பிள்ளை வீட்டுக்கும் அப்படியே சொல்லி அனுப்பினார். சொன்ன கையோடு, வீடு பளிச்சென்று இருக்கட்டும் என்று அவரே சுண்ணாம்பும் அடித்தார். ஒரு பொட்டு இடம் விடாமல் அடித்தார். பலகைமேலேயும் சேர்த்து அடித்தார்! எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வருவதாகப் பேச்சு. நாலரைக்கு ராகு காலம். அதற்குள் வராவிட்டால் சகுனம் சரியில்லை என்று திரும்பிப் போய்விடுவார்கள். நாலு அடித்தும் ஆளைக் காணோம். யாரிடமாவது வழி கேட்டு வரலாமென்றால், மதியத்தில் எங்கள் ஊர் கதவைச் சாத்திக்கொண்டு குறட்டை விடும். பிரெஞ்சுக்காரன் போன பிறகும் அந்தத் தூக்கம் போகவில்லை. அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு தேடப் போனார். அம்மா கேசரியைக் கிளறிக்கொண்டே புலம்பினாள். நான் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தபோதுதான் சுவரைக் கவனித்தேன். அடக் கடவுளே!

பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஸ்டூலைப் போட்டு ஏறி, ஈரத் தேங்காய் நாரால் பலகையைத் தேய்த்தேன். ஸ்டூல் ஆடியது. வியர்த்து வழிய ஓர் ஆள் மூலையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா வேடிக்க? இந்த ஸ்டூலக் கொஞ்சம் புடிங்க."

பிடித்தார்.

"ரிக்‌ஷாவுல யாராவது போனாங்களா? பொண்ணு பாக்க வர்றவங்க. எங்க போயி தொலைஞ்சாங்களோ!"

"மாப்ள மேல அவ்ளோ ஆசைங்களா?"

"அவரு மூஞ்சிய யாரு பாத்தா? இது அமைஞ்சா ஊர வுட்டுப் போவ வேணாம். அதான்."

சுண்ணாம்புத் தண்ணீர் அவர் சட்டையில் சொட்டச் சொட்ட, பலகையில் எழுத்துகள் வெளியே வந்தன. "அட, இந்தத் தெருவத்தான இவ்ளோ நேரமா தேடுறோம்!" என்றார். என் கையிலிருந்த நார் நழுவி அவர் தலையிலேயே விழுந்தது.

"அம்மா ரிக்‌ஷாவுல அடுத்த தெருவுல இருக்காங்க. ஒங்க போட்டோவ நான் பாத்திருக்கேன்," என்றார், தலையில் நாரோடு. "ஒண்ணு சொல்லிடறேன். அடுத்த வருஷம் எனக்குக் காரைக்காலுக்கே மாத்தல் வந்துடும். ஒங்க அப்பாவுக்குத் தெரியாது."

நியாயமாக நான் அழுதிருக்க வேண்டும். ஆனால் அந்த நாரைப் பார்த்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சொல்லாமலே இருந்திருக்கலாம், சொன்னாரே! அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அதற்குள் அப்பா சைக்கிளில் முன்னால் வர, பின்னால் ரிக்‌ஷாவில் மாப்பிள்ளையின் அம்மா வந்து இறங்கினார்.

"பொண்ணு எங்க?"

"தோ, மேல," என்றார் மகன்.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். புடவையெல்லாம் சுண்ணாம்பு. அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"புடிச்சிருக்காடா?"

"எனக்குப் புடிச்சிருக்கும்மா. அவங்களத்தான் கேக்கணும்."

எல்லாரும் என்னை அண்ணாந்து பார்த்தார்கள். எனக்கு எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ.

"காரைக்கால்ல கடலுக்குக் கிட்டக்க வூடு கெடைக்குமா?" என்று கேட்டேன்.