சத்தம் பிடிக்காத கமரா

அந்தக் கமரா சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. மாஸ்டர் கொழும்பிலிருந்து இரவல் வாங்கி வந்திருந்தார். மூன்று நிமிடத்துக்குத்தான் ஃபிலிம் ஓடும், சத்தம் பிடிக்காது. எழுபதுகளின் நடுவில், திருகோணமலையில் பள்ளிக்கூட நாடகம் பழக்கிக்கொண்டிருந்த மனிதருக்குப் படமெடுக்கும் பைத்தியம் பிடித்திருந்தது. கதை, இரண்டு சகோதரர்களின் சண்டை. அதற்கு அவர் தேடிப் பிடித்தது என் அண்ணனையும் தம்பியையும். "அவையளுக்கு நடிப்புச் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை, பிள்ளை" என்று என்னிடமே சிரித்தார்.

இருவரும் நான்கு வருடமாகப் பேசுவதில்லை. அப்பாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவர் மூத்த மகன். அப்போது கொழும்பில் வேலையாயிருந்த அண்ணன் வந்த பஸ் வழியில் பழுதாகிவிட்டது. பெரியவர்கள் அவசரப்படுத்த, தம்பி வைத்துவிட்டான். அண்ணன் சுடலைக்கு ஓடி வந்தபோது நெருப்பு அடங்கத் தொடங்கியிருந்தது. பிறகு மாற்றலாகி வீட்டுக்கே வந்தார். ஆனாலும் "தங்கச்சி, அவனிட்டச் சொல்லு", "அக்கா, அவரிட்டக் கேளுங்கோ" என்று எல்லாக் கதையும் என் வழியாகத்தான். படத்துக்கு மறுத்தால் மற்றவருக்குப் பயந்ததாகிவிடும் என்று இரண்டு பேரும் சம்மதித்தார்கள். எங்கள் வீட்டு வீம்பு அப்படி.

அடுத்த கிழமை அண்ணன் வெளிநாட்டு வேலைக்குக் கப்பலேறுகிறார். அதற்குள் ஒரு சொல்லாவது பேசிவிடமாட்டார்களா என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன்.

மூதூருக்குப் போகும் லோஞ்ச் படகைக் கட்டும் இறங்குதுறையின் விளிம்பில் மாஸ்டர் இருவரையும் நிறுத்தினார். "சத்தம் விழாது. வாய் அசைஞ்சால் போதும்." அண்ணன் தம்பியின் சட்டைக் கொலரைப் பிடித்தார். விரல்கள் வெளுத்திருந்தன. தம்பியின் வாய் அசைந்தது, பிறகு அண்ணனின் வாயும். காற்றில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எப்போது கையை ஓங்குவார், இவன் எப்போது தண்ணீரில் விழுவான் என்று சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஃபிலிம் முடிந்தது. அண்ணன் கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தார்.

படம் கழுவி வந்தபோது அண்ணன் கடலில். மாஸ்டர் வீட்டுச் சுவரில் பார்த்தோம். "என்னடா சொன்னனீ?" என்று தம்பியைக் கேட்டேன்.

"கொள்ளி வைச்சது என்ர பிழை அண்ணை, மன்னியுங்கோ எண்டனான்."

"அவர்?"

"ஒண்டு, ரெண்டு எண்டு எண்ணிக்கொண்டு நிண்டவர், அக்கா."

அதற்குப் பிறகு அவனும் கடிதம் போடவில்லை, அவரும் போடவில்லை. போன வருடம் தம்பி இறந்துபோனான். செய்தி சொல்ல வெளிநாட்டிலிருந்த அண்ணனுக்கு ஃபோன் எடுத்தபோது, இத்தனை வருடமும் கேட்கப் பயந்ததைக் கேட்டேன். "அவன் அண்டைக்குச் சொன்னது உங்களுக்குக் கேக்கேல்லையோ, அண்ணை?"



"கேட்டது" என்றார். "கேட்டாப்பிறகுதான் எண்ணத் தொடங்கினனான். எண்ணாட்டி அழுதிருப்பன்."