குளிரறை ஒத்திகை

எங்கள் ஊரில் தை மாதத்திலும் மத்தியானம் மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு பனிமலைக்குப் பெட்டி கட்டுவது எப்படி என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆனால் அதை ஒப்புக்கொள்ள ஒருவரும் தயாராக இல்லை. அப்பா கொஞ்சமும் தயாராக இல்லை.

அப்பா இறால் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் குளிரறை சூப்பர்வைசர். மைனஸ் இருபது டிகிரியில் இறால் பெட்டிகளை அடுக்கிவைத்திருக்கும் அறைக்குள் தினமும் பலமுறை போய்வருகிறவர். தூத்துக்குடியில் குளிரைப் பற்றிப் பேசத் தகுதி உள்ள ஒரே ஆள் தான்தான் என்ற நினைப்பு அவருக்கு உண்டு. கொடைக்கானலுக்குப் போய்விட்டு வந்து “என்னா குளிரு!” என்று யாராவது சொன்னால், அப்பா தனக்குள் சிரித்துக்கொள்வார்.

பனிமலைக்கு அழைத்தது அக்கா. நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது அவள் நர்ஸ் படிப்பை முடித்துவிட்டாள். பிறகு ஆஸ்திரியாவுக்கு வேலைக்குப் போனவள் அந்த ஊர்க்காரர் ஒருவரை அங்கேயே ஒரு சின்ன மாதா கோயிலில் திருமணம் செய்துகொண்டாள். எங்கள் கோயிலில் மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண ஓலை வாசித்து, ஊருக்கெல்லாம் சொல்லித்தான் கல்யாணம் நடக்க வேண்டும். அக்காவுக்கு ஓலை வாசிக்கவில்லை. எங்களுக்குக் கல்யாணப் போட்டோதான் வந்தது. அன்றிலிருந்து அப்பா அவளுடன் பேசுவதை விட்டுவிட்டார். எனக்கும் கோபம்தான். புது கவுன் கிடைக்கவில்லையே என்று. அப்பாவின் கோபமும் ஏறக்குறைய அதே ரகம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் ஆண்டுதோறும் பனிக்காலத்தில் ஒரு வாரம் குடும்பமாக ஏதோ ஒரு மலைக்கிராமத்தில் தங்கிப் பனிச்சறுக்கு விளையாடுவார்களாம். அந்த ஆண்டு பெண் வீட்டாரும் வர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அம்மா ஒரே சொல்லில் முடித்துவிட்டாள்.

“நா பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போறேன். நீங்க வாரதும் வராததும் உங்க இஷ்டம்.”

சில நாள் கழித்து அப்பா கம்பெனியிலிருந்து மூன்று குளிரறைக் கோட்டுகளை ஒரு சாக்குப்பையில் திணித்துக் கொண்டுவந்து நடுவீட்டில் போட்டார். அவர் வருகிறார் என்பதை நாங்கள் அப்படித்தான் தெரிந்துகொண்டோம். கோட்டுகளிலிருந்து வந்த இறால் வாடையில் எதிர்வீட்டுப் பூனை எங்கள் வாசலிலேயே குடியேறிவிட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் சாயங்காலமும் அக்காவிடம் சந்தேகம் கேட்கும் படலம். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைப்பாள். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி நாற்காலியில் இருப்பார்.

“கையுறை ரப்பரா, உள்ள பஞ்சு வச்சதான்னு கேளு.”

“கையுறை ரப்பரா, உள்ள பஞ்சு வச்சதான்னு அப்பா கேக்காவ” என்பாள் அம்மா. பஞ்சு வைத்தது, மேலே தண்ணீர் இறங்காத துணி என்று அக்கா சொல்வாள். அவள் சொன்னது தெருவில் போகிறவருக்கே கேட்டிருக்கும். இருந்தாலும் அம்மா அதை முதலிலிருந்து கடைசிவரை அப்பாவிடம் திருப்பிச் சொல்வாள். அப்பாவும் அப்போதுதான் கேட்பவர்போலத் தலையாட்டுவார். இரண்டு பேர் பேசுவதற்கு எதற்கு மூன்று பேர் என்று எனக்குப் புரியவே இல்லை. ஒருமுறை வாய்விட்டுக் கேட்டும் விட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

அக்கா சொன்னவற்றில் பாதியை எங்களால் நம்ப முடியவில்லை. உடம்போடு ஒட்டிய சட்டை பருத்தியாக இருக்கக் கூடாது, வேர்வையில் நனைந்தால் அதுவே குளிரும். பனியில் வெயில் கண்ணைக் கூசும், கறுப்புக் கண்ணாடி வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு காலுறை போடக் கூடாது. குளிரில் போன் சார்ஜ் சட்டென்று இறங்கிவிடும், உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்திருக்க வேண்டும். அப்பா பஜார் முழுக்க அலைந்து திரிந்து மூன்று குரங்குக் குல்லாய்களோடு வந்தார். இறால் வாடைக் கோட்டு வேண்டாம் என்று அடம்பிடித்த எனக்கு மட்டும், கப்பல் வேலைக்குப் போகிற பக்கத்து வீட்டு அண்ணன் தன் தடித்த கோட்டைக் கொடுத்தார். அதைப் போட்டால் என் கைகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

தனக்கென்று ஒரு டச் போனும் புது நம்பரும் வாங்கினார் அப்பா. அதுவரை பட்டன் போனையே கட்டிக்கொண்டு அழுதவர். வீட்டில் அந்தக் கருவியை இயக்கத் தெரிந்தவள் நான்தான் என்பதால் எனக்குத் தலைகால் புரியவில்லை.

“மலையில வழி தப்பிட்டா யாரக் கூப்பிடுத? அவ நம்பரப் போடு” என்றார்.

என்ன பெயரில் போட என்று கேட்டேன். அவர் வாயிலிருந்து அக்காவின் பெயர் வரவில்லை. “அவசரம்னு போடு” என்றார். அப்படியே போட்டேன்.

ஊருக்குக் கிளம்புவதற்குச் சில நாள் முன்பு, ஞாயிறு பூசை முடிந்ததும், மேனேஜரிடம் அனுமதி வாங்கி எங்களைக் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒத்திகை. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. நாங்கள் மூன்று பேரும் குல்லாய், கோட்டு, கையுறை சகிதமாகக் குளிரறை வாசலில் நிற்கிறோம். சேலைக்கு மேல் கோட்டுப் போட்டிருந்த அம்மாவைப் பார்த்துக் காவலாளி திரும்பி நின்று சிரித்தார். “அங்கன இவ்வளவு குளிரு இல்லயாம்” என்று அம்மா முனகினாள். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கதவு திறந்ததும் வெள்ளைப் புகை காலைச் சுற்றியது. உள்ளே மூச்சை இழுத்ததும் மூக்கு மயிர் விறைத்துக்கொண்டது. இருபுறமும் கூரைவரை இறால் பெட்டிகள். தரையில் உறைபனி. அப்பா எங்கேயோ பார்த்த வீடியோவை நம்பி முழங்காலை மடக்கி நின்று காட்டினார். “விழுந்தா பக்கவாட்டுல விழணும். எங்க, விழு பாப்போம்” என்றார். எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும். விழுந்தேன், எழுந்தேன், மறுபடி விழுந்தேன். அம்மாவும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு ஒருமுறை விழுந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

பிறகு அப்பா உள்சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். “இந்தக் குளிர்ல வேலை செய்யுதான்னு பாக்கணும்.” கையுறையோடு தொட்டால் அது அசையவில்லை. கையுறையைக் கழற்றினார். அழுத்தினார். காதில் வைத்தார். எடுத்துப் பார்த்தார். அந்த இரும்புப் பெட்டிக்குள் டவர் எங்கே கிடைக்கும்? நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. விரல்கள் சிவந்துபோகும்வரை திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டே இருந்தார். அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லாரியில் பெட்டி ஏற்றும் மேடைக்கு வந்தோம். சூடு முகத்தில் அறைந்தது. நான் கோட்டைக் கழற்றத் தொடங்கினேன். அப்பா கழற்றவில்லை. “வெளிய வேலை செய்யுதான்னும் பாக்கணும்லா” என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு மறுபடியும் அழுத்தினார். இந்த முறை மணி அடித்தது. அவர் அறியாமலேயே ஸ்பீக்கரையும் அழுத்தியிருந்தார்.

புது நம்பர் என்பதால் அக்காவுக்கு ஆள் தெரியவில்லை. “ஹலோ, யாருங்க?” என்றாள். அவள் மறுபடியும் கேட்டாள். வழக்கம்போல நடுவில் நின்று பேசுவதற்கு அம்மா கையை நீட்டினாள். அப்பா போனைக் கொடுக்கவில்லை.

“போன டெஸ்ட் பண்ணுதேன்” என்றார்.

தொடர்பு அறுந்துவிட்டதென்று நினைத்து நான் எட்டிப் பார்த்தேன். அப்புறம் அக்காவின் குரல் வந்தது.

“கேக்குதுப்பா.”

“கேக்குதா?”

“நல்லா கேக்குது.”

“சரி” என்றார் அப்பா. அத்தோடு வைத்திருக்கலாம். நம்பர் சரி, சத்தமும் சரி. ஆனால் அவர் வைக்கவில்லை. மேடையின் ஓரத்துக்கு நடந்துபோய், கொளுத்தும் வெயிலில், குரங்குக் குல்லாயும் கோட்டுமாக நின்றுகொண்டு, அங்கே இன்றைக்கு எத்தனை டிகிரி, கதவு இடுக்கில் காற்று வருகிறதா, காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நடுவில் அம்மா இல்லாமல் அவரே கேட்டார். அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குளிரறைக் கதவையே பார்த்து நின்றாள். எனக்கோ பசி. பூசைக்குப் போகும்போது சாப்பிட்ட இரண்டு இட்லியோடு நிற்கிறேன், வீட்டுக்குப் போகலாம் என்று அம்மாவின் கோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் அப்பா மாடிக்குப் போய் மறுபடியும் போனை டெஸ்ட் செய்தார். அதற்கடுத்த நாளும் செய்தார். முதலில் கொஞ்ச நேரம், பிறகு சோறு ஆறிப்போகும்வரை. சாப்பிடக் கூப்பிடப் போனால், “இரு ஏளா, டெஸ்ட் பண்ணுதேன்லா” என்று கையைக் காட்டுவார். வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத போன். அதை இப்படித் தினமும் சரிபார்க்க வேண்டியிருந்தால் அதில் ஏதோ கோளாறு என்றுதானே அர்த்தம். எனக்கு எரிச்சலாக வந்தது. பில்லைத் தேடி எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். போன் சரியில்லை, ஊருக்குப் போகிறதுக்குள் கடையில் கொடுத்து மாற்றிவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல், “வேண்டாம் ஏளா. அவரு இன்னும் கொஞ்ச நாளு பாக்கட்டும்” என்றாள்.

போன் பெட்டியைப் பிரித்துவிட்டதால் கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பில்லை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டேன்.