எல்க் ஆற்றுப் பாலத்தின் தளர்ந்த கம்பிகள்

ஹென்னிங் கார்ஸ்டன்ஸ் அதிகம் பேசாத மனிதர். அவர் வீட்டை ஒட்டியிருந்த இரும்புப் பாலத்துக்கோ வாயே மூடாது. ஒரு கோழி நடந்து போனால்கூட ஊருக்குச் சொல்லிவிடும் என்று அயோவாவில் எங்கள் பக்கத்தில் கேலி பேசுவோம்.

மரப்பாலத்தை வெள்ளம் இரண்டு முறை அடித்துக்கொண்டு போன பிறகு வந்த பாலம் அது. ஓஹியோவிலிருந்து ஒரு கம்பெனிக்காரன் படப்புத்தகத்தோடு வந்து, கலப்பை விற்பது போல வீடு வீடாகப் பேசி அதை விற்றுவிட்டுப் போனான். பாலம் துண்டு துண்டாக ரயிலில் இறங்கியது. ஆறு உறைந்துகிடந்த தை மாதத்தில் பனிக்கட்டி மேலேயே சாரம் நிறுத்தி, சறுக்குவண்டியில் இரும்பை இழுத்துப் போய்க் கோத்தார்கள். குதிரை ஓட்டியவர்களில் ஹென்னிங்கின் அப்பாவும் ஒருவர். துளையுள்ள பட்டைகளை அடுக்கி, மூட்டுக்கு மூட்டு ஒரு பெரிய இரும்பு முளையைச் செருகினார்கள், அவ்வளவுதான். மேல் சட்டம் அமுக்கத்தைத் தாங்கும், கீழ்ப் பட்டைகள் இழுப்பைத் தாங்கும். நடுக்கட்டங்களில் மட்டும் குறுக்கே சில மெல்லிய கம்பிகள் தொளதொளவென்று தொங்கும். வண்டி ஏறினால் கலகலவென்று அடித்துக்கொள்வது இந்தக் கம்பிகள்தான்.

பாலத்துக்குப் பலகை மாற்றுவதும் வர்ணம் பூசுவதும் ஹென்னிங்கின் பொறுப்பு. முப்பது வருடம் அந்தச் சத்தத்தை அவர் பொருட்படுத்தியதில்லை. மனைவி ஆல்வினாவுக்கு வயிற்றில் கட்டி வந்து, கோடையைத் தாண்ட மாட்டாள் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அது அவருக்குப் பகையானது.

"கண்ணு அசந்தா போதும், பால்கார ப்ரூன்ஸ் கேன் வண்டியோட என் நெஞ்சு மேல ஏறுறான்," என்றாள் ஆல்வினா. "அந்தச் சனியன் இரும்போட வாயை யாராவது அடைக்க மாட்டாங்களா, ஹென்னிங்?"

அவள் நாற்பது வருடத்தில் கேட்ட முதல் சலுகை அது. தளர்ந்த கம்பி ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு திருகு உண்டு. ஹென்னிங் அதில் கடப்பாரையைக் கொடுத்து, கம்பி அசையாமல் நிற்கும் வரை எல்லாவற்றையும் முறுக்கினார். அன்று ஆல்வினா சாயங்காலம் வரை தூங்கி எழுந்து, உருளைக்கிழங்கு சூப் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

"பாலத்துக்குத் தூக்க மருந்து குடுத்தியா?" என்று கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவர் ஆற்றையே முறுக்கியிருப்பார்.

வசந்தம் தொடங்கும்போது பாலத்தின் நடுவில் நிற்கும் கம்பம் ஒன்று வளைந்திருப்பதை அவரே பார்த்தார். உடனே இரண்டு முனையிலும் சங்கிலி கட்டிப் பாலத்தை மூடிவிட்டு, மாவட்டப் பொறியாளரை வரவழைத்தார்.

"யாரு இதை முறுக்குனது?"

"நான்தான்."

"பாரம் ஒரு பக்கமா ஏறினாத்தான் இந்தக் கம்பிக்கு வேலை. மத்த நேரம் சும்மா தொங்கணும். நீங்க இழுத்துக் கட்டினதுல நடுவுல நிக்கிற கம்பம் நசுங்குது," என்றார் அவர். கம்பிகளைப் பழையபடி தளர்த்தி, கம்பத்துக்கு மரக்கட்டை வைத்துக் கட்டச் செய்தார். "கதிரடிக்கிற இன்ஜின் மட்டும் வேண்டாம். கார், பால் வண்டியெல்லாம் நாளைக்கே போகலாம்."

மறுநாள் ஹென்னிங் சங்கிலியை அவிழ்க்கவில்லை. அடுத்த வாரமும் அவிழ்க்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் ஆபத்து இன்னும் தீரவில்லை என்றார். வாழ்நாளில் பொய் சொல்லாத மனிதர் சொன்னதால் எல்லோரும் நம்பினார்கள். சேறு நிறைந்த தெற்கு ரோட்டில் ஒன்பது மைல் சுற்றிப் போனார்கள். அவர் செய்தது சரியென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உள்ளே ஆல்வினா தூங்கினாள்.

ப்ரூன்ஸ் மட்டும் சங்கிலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினார். "யோவ் ஹென்னிங், நான் நடந்து பாத்துட்டேன், கம்பம் கல்லு மாதிரி நிக்குது! சுத்திப் போறதுக்குள்ள கிரீம் புளிச்சுப் போகுது. அதை நீயா குடிப்பே?"

"சங்கிலி இருக்கட்டும், ப்ரூன்ஸ்."

மே மாதத்தில் இரண்டு நாள் மழை கொட்டி ஓய்ந்த காலையில் ஆல்வினாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஹென்னிங் ஆற்றுக்கு அப்பால் டவுனில் இருந்த மகள் மெட்டாவுக்கு டெலிபோன் போட்டார். எங்கள் பக்கத்தில் ஒரே கம்பியில் பதினோரு வீடு. ஒரு வீட்டு மணி அடித்தால் எல்லோரும் எடுத்துக் கேட்பார்கள், அதில் யாருக்கும் வெட்கம் கிடையாது.

"இதோ கிளம்பிட்டேன்பா. பாலம் தொறந்துட்டாங்களா?"

கம்பியில் யார் வீட்டுக் கடிகாரமோ டிக் டிக் என்றது. ப்ரூன்ஸ் மூச்சு விடுவதும் கேட்டது. இத்தனை பேர் காதில் விழ உண்மையைச் சொல்ல ஹென்னிங்குக்கு நா எழவில்லை.

"இல்லம்மா. தெற்கு ரோட்டுல சுத்தி வா."

வைத்த கையோடு மனம் கேட்காமல் மறுபடி டெலிபோனைச் சுழற்றினார். மெட்டா கிளம்பிப் போய்விட்டிருந்தாள்.

ஆல்வினாவுக்குப் பாலம் மூடியிருப்பதே தெரியாது. "மெட்டா கார் இன்னும் பாலத்துல ஏறலையா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "சத்தமே கேக்கலையே," என்றாள். மூன்றாவது முறை கேட்கும்போது குரல் பாதியில் நின்றது. அவள் அந்தச் சத்தத்துக்காகத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று ஹென்னிங்குக்குப் புரிந்தது.

தொப்பிகூட இல்லாமல் ஓடினார். தளர்ந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். ஒற்றைக் கம்பி என்ன சத்தம் போடும்? அடுத்ததைப் பிடித்தார். கிழட்டுக் கைகள் தோலுரிந்தன. அழுதுகொண்டே உலுக்கினார்.

டெலிபோனில் கேட்டுவிட்டு அக்கரைக்கு வந்திருந்த ப்ரூன்ஸ் இதைப் பார்த்தார். தன் பக்கத்துச் சங்கிலியை அவிழ்த்து எறிந்துவிட்டு, காலிக் கேன்களோடு வண்டியைப் பாலத்தில் ஏற்றினார். மொத்தப் பாலமும் கலகலத்தது.

ஹென்னிங் உள்ளே ஓடிவந்தபோது ஆல்வினா வாசல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள்.

"வந்துட்டா," என்றாள். "கால்ல சேறு இருந்தாலும் பரவால்ல, வரச் சொல்லு."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அதன்பின் அவள் பேசவில்லை.

மெட்டா மதியத்துக்கு மேல்தான் வந்தாள். தெற்கு ரோட்டில் கார் புதைந்து, கடைசி இரண்டு மைல் முழங்கால் சேற்றில் நடந்திருந்தாள். அம்மாவின் கட்டிலருகே வெகுநேரம் இருந்துவிட்டு அடுப்படிக்கு வந்தவள், ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள்.

"பாலத்துல அக்கரைச் சங்கிலியைக் காணோமேப்பா. எப்பத் தொறந்தாங்க?"

"இன்னைக்குத்தாம்மா," என்று அடுப்படியில் உட்கார்ந்திருந்த ப்ரூன்ஸ் முந்திக்கொண்டார்.

ஹென்னிங் இல்லையென்று தலையை ஆட்டினார். "அதை இத்தனை நாள் மூடியிருக்கவே வேண்டாம்மா. நான்தான் மூடி வெச்சிருந்தேன்."