ஒட்டியிருந்த பக்கம்

“…கடைசி வரிக்கும் படிச்சிட்டன் மச்சான், நீ சொன்ன மாதிரியேதான் இருந்திச்சி” என்று சொல்லிக்கொண்டே சம்பந்தம் புத்தகத்தை என் கட்டிலின் கால்மாட்டில் வைத்தான். கையில் கொடுக்கவில்லை. கவனித்தேன்.

காசநோய் வந்தவன் எல்லாவற்றையும் கவனிப்பான். இதே நோயோடு இதைப் படிப்பவருக்கு அது தெரிந்திருக்கும்.

எனக்கு முதலில் வந்தது இருமல். கரும்பு வெட்டு நேரம், காய்ந்த கரும்பிலைச் சோகையின் தூசு என்று மூன்று வாரம் தள்ளினேன். பிறகு சாயங்காலக் காய்ச்சல், நனைந்து போகும் பனியன். கள்ளக்குறிச்சியில் சளியை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். ஆறு மாதம் மாத்திரை. முதல் நாளே சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது. ரத்தம் என்று அலறினேன். “மாத்திரையால அப்படிப் போவும்னு டாக்டரம்மா அன்னிக்கே சொன்னாங்க. நீங்க காதுல வாங்கினாத்தான?” என்றாள் என் மனைவி.

முதல் மாதம் கச்சிராயபாளையத்து வீட்டில், ஜன்னலோரக் கட்டிலில் கிடந்து படித்தேன். நான்கு புத்தகங்கள். பாம்புகளைப் பற்றி ஒன்று. அட்டை போய்விட்ட சமையல் புத்தகம் ஒன்று, அதில் யாரோ சிந்திய எண்ணெய் இன்னும் மணந்தது. ஒரு தடித்த குடும்ப நாவல். எனக்கு முன் படித்தவர் ஓரங்களில் பென்சிலால் ‘பொய்’ என்று எழுதிக்கொண்டே போயிருந்தார். அவரோடு சேர்ந்து நானும் கதாநாயகியைச் சந்தேகப்பட்டேன். நான்காவது ஒரு கடற்பயணக் கதை.

முதல் வாரம் அந்த நாவலை நெஞ்சில் சாய்க்க முடியவில்லை, அவ்வளவு கனம். பக்கத்துக்கு மூன்று இருமல். மாதக் கடைசியில் அத்தியாயத்துக்கு ஒன்று. தேதி மறந்துவிட்டது. இடது கையில் சேர்ந்த தாளின் தடிமனைத்தான் கழிந்த நாளாக எண்ணினேன்.

நாலு புத்தகமும் சம்பந்தம் கொண்டுவந்தவை. கல்வராயன் மலைக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒருவர் படித்ததை மற்றவர் படிப்பது, பிறகு சண்டை போடுவது, இது எங்கள் பல வருட வழக்கம். டிக்கெட் கிழித்த பழக்கத்தில் விரலை நாக்கில் தொட்டுத்தான் தாளைத் திருப்புவான். “புத்தகம் இன்னாடா, டிக்கெட் கட்டா?” என்று திட்டியிருக்கிறேன்.

அந்த மாதம் கொண்டுவந்து கொடுத்ததோடு சரி, நான் படித்து முடித்ததைத் திரும்ப எடுத்துப் போகவில்லை. “அப்பறம் பார்த்துக்கலாம்” என்பான். அந்த ‘அப்பறம்’ எனக்கு மாத்திரையைவிடக் கசந்தது.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். “இருமுறப்ப காத்துல பரவுறதுங்க இது. புத்தகத்துல ஒட்டிக்கினு போவாது. மருந்து வுடாம சாப்புடுங்க, பரவுறது கம்மியாயிடும். டெஸ்ட் பண்ணிச் சொல்றேன். அதுவரைக்கும் ஜன்னலத் தொறந்து வைங்க, வாய மூடி இருமுங்க” என்றார். அதை அப்படியே சம்பந்தத்திடம் சொன்னேன். “எனக்குத் தெரியாதா இன்னா?” என்றான்.

நான் நம்பவில்லை. கடற்பயணக் கதையில் இரண்டு தாள்கள் அச்சகத்தில் சரியாக வெட்டப்படாமல் மேல்விளிம்பில் ஒட்டியிருந்தன. கப்பல் உடையும் இடம். பிரிக்காமல், குழல் மாதிரி வளைத்து உள்ளே எட்டிப் பார்த்தே படித்து முடித்தேன். அடுத்த முறை அவன் வந்தபோது ‘நீயும் படி’ என்று வற்புறுத்தி, அப்படியே அவன் மஞ்சள் பையில் போட்டு அனுப்பினேன்.

ஒரு வாரம் கழித்து இப்போது வந்திருக்கிறான்.

“கப்பல் ஒடையற எடம் எப்டி?”

“அருமடா.”

அந்த இடத்தைத் திறந்து காட்டினேன். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது.

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு என்னச் சொல்லுவியே. நீ இன்னாடா?”

முகத்தைத் துண்டால் துடைத்தான். “வூட்ல பேரப்புள்ள கீது மச்சான். உன் தங்கச்சி பையோட கொடியில மாட்டிட்டா. அவள இன்னா சொல்றது, நானும் எடுக்கல. பயந்துட்டன்.”

பயந்தவனின் பொய்யைப் பிடிப்பதில் ஒரு கேவலமான சந்தோஷம் இருக்கிறது. ஒரு மூச்சு நேரம்தான் அது நின்றது. பொறி வைத்தவன் நான் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

“பயமா இருந்தா போடா. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டன்” என்றேன்.

அவன் போகவில்லை. ஸ்டூலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, கால்மாட்டிலிருந்த புத்தகத்தை எடுத்து மடியில் வைத்தான். கட்டைவிரல் நகத்தை விட்டு ஒட்டியிருந்த விளிம்பைச் சரசரவென்று கிழித்தான். பிறகு விரலை நாக்கில் தொட்டு, தாளைத் திருப்பினான்.