கரிவலம்வந்தநல்லூர்ப் பிடிமண்

காலை 7.10. திருநெல்வேலி புதிய பஸ் ஸ்டாண்டிலிருந்து சங்கரன்கோவில் பஸ் கிளம்பியது. ஐம்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் ஐம்பது ரூபாய். அந்த ஊருக்குப் போகிறவர்கள் கோபுரத்தையும் ஆடித்தபசையும் பற்றி எழுதுவார்கள். நான் போனது என் தங்கையைக் கூட்டிவர. ஜெபசெல்விக்கு மார்பில் கட்டி. வியாழக்கிழமை பாளையங்கோட்டையில் ஆபரேஷன். இதற்குமேல் ஒரு வாரம்கூடத் தள்ளக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று செவ்வாய்.

பனவடலிசத்திரத்தில் பஸ் பாதி காலியானது. வெளியே மக்காச்சோளம், காற்றாலை, மறுபடியும் மக்காச்சோளம். பார்க்க வேறொன்றும் இல்லாததால் அவளை மனசுக்குள் திட்டிக்கொண்டே போனேன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவள், இரண்டு மாதமாகச் சங்கரன்கோவிலில் ஒரு கூட்டத்தோடு தங்கியிருக்கிறாள்.

8.50. ராஜபாளையம் ரோட்டில் ஒரு விசைத்தறிக் கூடத்தின் மாடி. தறி ஓடுகிற ஓட்டத்தில் படிக்கட்டே நடுங்கியது. மேலே ஏழெட்டுப் பெண்கள், எல்லோரும் படித்தவர்கள். பாதிப் பேர் மடியில் லேப்டாப்பை வைத்து ஆபீஸ் வேலை செய்துகொண்டிருந்தார்கள். தங்களைச் சூனியக்காரிகள் என்று சொல்லிக்கொள்வதில் அவர்களுக்குப் பெருமை. சீமையில் வெள்ளைக்காரர்கள் சர்ச்சுக்கு முந்திய தெய்வங்களைத் தேடியெடுத்து வணங்குவதை வீடியோவில் பார்த்துக் கற்றவர்கள். தரையில் கல்லுப்பைக் கொட்டி ஒரு வட்டம், நடுவில் கறுப்பு மெழுகுவர்த்தி, அதன் பக்கத்தில் கோமதியம்மன் கோயில் புற்றுமண். லண்டனில் வேலை பார்த்துத் திரும்பிய வெண்ணிலா என்பவள்தான் தலைவி. ஜெபா மாத்திரையை நிறுத்தாமல் இருந்திருந்தால், எப்படியோ போங்கள் என்று காப்பி குடித்துவிட்டுக் கிளம்பியிருப்பேன்.

ஆள் பாதியாக இருந்தாள். துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னாள்: "இது வெறும் கட்டி இல்ல அண்ணன். பூட்டன் கிறிஸ்தவ வேதத்துக்கு வரும்போது சாமியை அப்படியே விட்டுட்டு வந்துட்டாவ. அது இன்னும் அனாதையா நிக்குது. அதோட கோவம்தான் இது."

"ஏட்டி, நீ எம்.எஸ்சி. படிச்சவ."

"படிச்சா சாமி இல்லாமப் போயிருமா?"

கைவிட்ட குலசாமியை வேறிடத்தில் வைத்துக் கும்பிட வேண்டுமானால், மூல இடத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்துவந்து, அதன்மேல் பீடம் போடுவார்கள். பிடிமண் என்று பெயர். வம்சத்து ஆண்பிள்ளை கையால் எடுக்க வேண்டும் என்பது வெண்ணிலாவின் உத்தரவு. எங்கள் வம்சத்தில் மிச்சமிருக்கும் ஆண்பிள்ளை, சபைப் பாட்டுக்குழுவில் அடிக்குரல் பாடுகிற நான் ஒருவன்தான்.

"நீங்க எடுத்துத் தாங்க. அதுக்குப் பெறகு நீங்க சொல்லுத இடத்துக்கு வாரேன்" என்றாள் ஜெபா. அவளை அள்ளிக்கொண்டு போக ஒரு பிடி மண் போதுமென்றால் நான் ஒரு லாரி மண்ணே கொண்டுவருவேன். சரி என்றேன்.

9.40. கரிவலம்வந்தநல்லூருக்கு ஆட்டோ, போக வர ஐந்நூறு ரூபாய். ஓட்டுநர் மைதீன், கடையநல்லூரிலிருந்து இங்கே பெண் கட்டி வந்தவர். அதுதான் பூட்டன் ஊர். சாமி ஓடைக்கரைப் பக்கம் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். டீக்கடையில் விசாரித்தால் மூன்று பேர் மூன்று திசையைக் காட்டினார்கள். பதினொரு மணிவரை வெயிலில் அலைந்து, கடைசியில் ஒரு பிளாட் போட்ட இடத்தில் நின்றோம். கலர் அடித்த கல், வரவேற்பு வளைவு. சாமியுமில்லை, சாமி இருந்த சுவடுமில்லை.

எனக்கு அலுப்பு, அதைவிடப் பயம். வளைவின் அடியில் குனிந்து ஒரு பிடி அள்ளி, கைக்குட்டையில் முடிந்தேன்.

"அண்ணாச்சி, இது இந்த ஊரு மண்ணு இல்லல்லா. இங்கன பூராம் கரிசல். இது பிளாட்டுக்கு லாரில அடிச்ச செம்மண்ணு" என்றார் மைதீன்.

"அவளுக்கு எங்கன தெரியப் போவுது?"

அவர் வண்டியைக் கிளப்பாமல் இருந்தார். "நாங்க கபர்க் குழிக்கு மூணு பிடி மண்ணு போடுதோம். அதுக்கே நிய்யத்து, சுத்தமான எண்ணம் வேணும் அண்ணாச்சி. மனசுல ஒண்ண வச்சுட்டு மண்ணைத் தொடக்கூடாது."

போகலாம் என்றேன்.

12.15. ஜெபா முடிச்சை அவிழ்த்ததும் வெண்ணிலா எட்டிப் பார்த்து, "பாருங்க, என்னா சிவப்பு. உங்க சாமி ரத்தம் இன்னும் காயல" என்றாள். பெண்கள் வட்டத்தைச் சுற்றி நின்று ஏதோ முணுமுணுத்தார்கள். ஜெபா ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்தாள். மீதியைக் குழைத்துத் துப்பட்டாவுக்குள் கைவிட்டுக் கட்டியின்மேல் பூசிக்கொண்டாள். அம்மா போனபிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியை நான் பார்த்ததில்லை.

"சரி, கிளம்பு. ரெண்டு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்."

"எதுக்கு அண்ணன்? அதான் சாமி வந்தாச்சே. இனி அங்கன போயி அறுத்தா அதுக்குக் கோவம் வராதா?"

உண்மையைச் சொன்னேன். வளைவு, செம்மண், லாரி, ஒன்றையும் விடவில்லை. வேண்டுமானால் கீழே நிற்கிற ஆட்டோக்காரரிடம் கேள் என்றேன்.

அவள் கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சபையில என்ன சொல்லுவாவளோன்னு பயந்துதான் இப்படி மாத்திச் சொல்லுதீய. எனக்காக இவ்வளவு தூரம் வந்து எடுத்துட்டீய, அது போதும் அண்ணன்."

"கைவிட்ட சாமி, பூட்டனோட பேரனை இப்படித்தான் மறுக்க வைக்கும்" என்றாள் வெண்ணிலா. அதற்குமேல் நான் எது சொன்னாலும் அதுவும் சாமியின் திருவிளையாடல்தான் என்று விளங்கியது. ஆனாலும் ஒரு மணி நேரம் கெஞ்சினேன், அழுதேன்.

2.00. திரும்புகிற பஸ். பக்கத்து இருக்கை காலி. இரண்டு டிக்கெட் கேட்டுவிட்டு, பிறகு ஒன்று போதும் என்றேன். வன்னிக்கோனேந்தல் தாண்டும்போது நகக்கண்ணில் செம்மண் இருப்பதைப் பார்த்தேன். பேன்ட் துணியில் தேய்த்தும் போகவில்லை.

எங்கள் சபையில் அடக்கத்தின்போது பாதிரி ஐயர் ஜெபித்து முடித்ததும், வீட்டு ஆண்பிள்ளை குழிக்குள் முதல் பிடி மண் போடுவான். அப்பாவுக்கு நான் போட்டேன், அம்மாவுக்கும் போட்டேன். ஜெபாவுக்கு இன்று போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.