பச்சை நிறத்தில் எங்கள் பகுதி

அந்த வருடங்களில் புதுச்சேரியில் ஒரு சுகாதார அலுவலகத்தில் ஒப்பந்தக் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். சுகாதார நிலையங்களிலிருந்து, எந்த நோய்க்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று மாதந்தோறும் இணையத்தில் ஏற்றுவார்கள். அதை வரைபடமாக்குவது என் வேலை. நோய் அதிகமுள்ள பகுதி சிவப்பு, குறைந்த பகுதி பச்சை. எங்கே டாக்டரைப் போடுவது, எங்கே மாலையிலும் வைத்தியம் பார்ப்பது என்பதெல்லாம் அதைப் பார்த்துத்தான் முடிவாகும். சிபாரிசு இல்லாமல் நடக்கும் ஒரு காரியத்தில் எனக்கும் பங்கு உண்டு என்று பெருமையாக இருந்தது.

எங்கள் வீடு தொழிற்பேட்டைக்குப் பின்னால். அப்பா வேலை பார்த்த பஞ்சாலையை மூடிய பிறகு, அக்கா சேதராப்பட்டுப் பக்கம் பவுடர் அடைக்கும் ஒரு கம்பெனிக்குப் போனாள். அவளுக்கும் கூட வேலை செய்த எங்கள் தெருப் பெண்களுக்கும் ஓயாத இருமல், இளைப்பு. எங்கள் சுகாதார நிலையம் மதியத்தோடு மூடிவிடும். வேலை முடிந்து வருபவர்கள் டவுனில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். அங்கே டவுன் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். என் திரையில் எங்கள் பகுதி பச்சைப் பசேலென்று இருந்தது.

மாலை வைத்தியம் எந்தப் பகுதிக்கு என்று கூட்டம் நடந்தபோது, படத்தைத் திரையில் காட்ட நானும் உள்ளே இருந்தேன். வாய் சும்மா இருக்கவில்லை.

"மேடம், எங்க தெருவுல வீட்டுக்கு வீடு இருமிக்கிட்டிருக்காங்க."

அதிகாரி அம்மா கோபப்படவில்லை. "உங்க தெருவ வச்சி பிளான் போட முடியுமாம்மா? டேட்டாவுல வரட்டும், கண்டிப்பா செய்யலாம்."

அதை நான் நம்பினேன். வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன்.

"எல்லாரும் லீவு போட்டுட்டு நம்ம ஏரியா ஆஸ்பத்திரியிலயே காட்டுங்க. அப்பதான் கணக்குல ஏறும்."

"லீவு போட்டா கூலி போவும்டி."

"கொஞ்ச நாளைக்குத்தான்க்கா. சாயங்காலம் டாக்டர் வந்துட்டா அப்பறம் லீவே வேணாம்."

அக்கா வீடு வீடாகப் போய்ப் பேசினாள். பெண்கள் முறை வைத்துக்கொண்டு லீவு போட்டார்கள். அடுத்து வந்த வரைபடத்தில் எங்கள் பகுதி சிவப்பானது. ஒருத்தரும் பார்க்காதபோது அந்தச் சிவப்பைத் திரையில் தொட்டுப் பார்த்தேன்.

மேலே இருந்து வந்தது டாக்டர் அல்ல, விளக்கம் கேட்டு ஒரு போன். உங்கள் நிலையத்தில் மட்டும் நோய் ஏன் இப்படிக் கூடுகிறது, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று எங்கள் சுகாதார நிலையத்து டாக்டரை வறுத்தெடுத்தார்கள். பிறகு யார் இளைப்போடு போனாலும் 'சாதாரண சளி' என்றே பதிவானது. சளிக்கு வரைபடத்தில் நிறம் கிடையாது.

அதிகாரி அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் திரையில் மறுபடி பச்சையாகிவிட்ட எங்கள் பகுதியைக் காட்டினார். "உங்க ஏரியா எவ்வளவு இம்ப்ரூவ் ஆயிருக்கு பாரு. நீ சந்தோஷப்படணும்மா." மாலை வைத்தியம் வேறு பகுதிக்குப் போனது. அந்த வருடக் கூட்டத்தில் எங்கள் சுகாதார நிலையத்தைப் பாராட்டினார்கள். பாராட்டுச் சான்றிதழை டைப் அடித்தது நான்தான்.

அடிக்கடி லீவு போடுகிறாள், மற்றவர்களையும் தூண்டிவிடுகிறாள் என்று கம்பெனியில் அக்காவை நிறுத்திவிட்டார்கள். தெருவில் பெண்கள் என்னோடு பேசுவதை விட்டார்கள். ஒருத்தி மட்டும் தண்ணீர்க் குழாயடியில் முகத்துக்கு நேராகக் கேட்டாள்: "எங்கள கணக்கு காட்டி நீ இன்னா பிரைஸ் வாங்குன?" குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

எனக்குக் கல்யாணமாகி அரியாங்குப்பம் வந்தபோது அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மாடிப்படி ஏற அவளுக்கு மூச்சு போதவில்லை. கீழ் அறையில் இருந்தாள். இங்கே பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது, வா போகலாம் என்று எத்தனை முறை கூப்பிட்டாலும் அசைய மாட்டாள்.

"எழுதிக்கத்தான் கூப்புடுவாங்க," என்பாள். "நான் வரல."