ஆறு கண்ணாடிப் பானைகளும் நாலு தண்ணியும்

அவள் கழுவி வைத்த பாத்திரத்தில் யாராவது குறை கண்டுபிடிக்க முடியுமா? முடியாது என்றால் முடியாதுதான். டீக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் பெரிய நர்ஸ் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்திருக்கிறார். கல்யாணமான புதிதில் மாமியார் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் ஒட்டாத வருத்தத்தோடு திரும்பிப் போயிருக்கிறார். அப்பேர்ப்பட்டவளைப் பார்த்து, "நீ சரியா கழுவலே" என்று மருந்துக் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

ஒன்பது வயதில் டீக்கடையில் முக்காலி போட்டு ஏறி நின்று டம்ளர் கழுவத் தொடங்கியவள் அவள். பதினேழு வயதில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அப்போதெல்லாம் ஊசி போடும் குழாய் கண்ணாடியில் இருக்கும், கழுவிக் கொதிக்கவைத்துத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். அங்கேதான் பெரிய நர்ஸ் அவளுக்கு அந்த ஒரு வித்தையைக் காட்டினார். கழுவின கண்ணாடியில் தண்ணீரை ஊற்று. கண்ணாடி சுத்தமாக இருந்தால் தண்ணீர் ஒரே போர்வையாகப் படிந்து இறங்கும். எங்கேயாவது எண்ணெயோ பிசுக்கோ இருந்தால் போர்வை அங்கே கிழிந்து, தண்ணீர் முத்து முத்தாக நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத அழுக்கைக்கூடத் தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும். தூக்கியெறியும் பிளாஸ்டிக் ஊசி வந்து அந்த வேலை போனது. வித்தை கையோடு தங்கிவிட்டது.

நாற்பத்திரண்டாவது வயதில் மருந்துக் கம்பெனியின் சோதனைக் கூடத்தில் கண்ணாடி கழுவும் வேலை கிடைத்தது. முன்பு இருந்த ஆள் மகன் வீட்டோடு போய்விட்டார். இவள் வந்த முதல் நாளே சோப்பு போட்டுத் தேய்த்து, ஒரு தண்ணி, இரண்டு தண்ணி, மூன்று தண்ணி, நாலு தண்ணி என்று அலசினாள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அன்று மாலைக்குள் "நாலுதண்ணி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளும் கோபப்படவில்லை. பொய்யா சொல்கிறார்கள்?

அந்தக் கூடத்தில் ஒரு இயந்திரம் உண்டு. வெந்நீர்த் தொட்டிக்குள் ஆறு கண்ணாடிப் பானைகள், அடிப்பாகம் உருண்டையாக, ஒவ்வொன்றும் ஒரு லிட்டர் பிடிக்கும். நம் உடம்புச் சூடு எவ்வளவோ அவ்வளவு சூட்டில், வயிற்றில் இருப்பது போன்ற ஒரு திரவத்தை அதில் ஊற்றுவார்கள். மேலிருந்து துடுப்பு இறங்கி மெல்லச் சுற்றும். ஒரு பானைக்கு ஒரு மாத்திரை. மாத்திரை கரைந்தால்தானே குடல் அதை உறிஞ்சும், ரத்தத்தில் ஏறும், போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும்? கரையாத மாத்திரை வந்த வழியே வெளியே போகும். ஆகவே மனிதர் வயிற்றுக்குப் போகுமுன் இந்தக் கண்ணாடி வயிற்றில் போட்டுப் பார்ப்பார்கள். அரை மணி நேரத்துக்குப் பிறகு கொஞ்சம் திரவத்தை எடுத்து, எவ்வளவு மருந்து கரைந்திருக்கிறது என்று அளப்பார்கள். அளக்கிறவரை அவள் "அளவுக்காரர்" என்பாள். கூடத்துக்குத் தலைவி ஒரு அம்மாள், எல்லோருக்கும் மேடம்.

அந்த வருஷம் அவர்கள் பாடுபட்டுக்கொண்டிருந்தது கை நடுக்கத்துக்கான ஒரு புது மாத்திரைக்காக. வெள்ளையாக, சின்னதாக இருக்கும். அதில் மருந்து என்று பார்த்தால் ஒரு கடுகைப் பத்தாக உடைத்து ஒரு துண்டை எடுத்த அளவு. மற்றதெல்லாம் மாவு. அவ்வளவு வீரியம். மருந்தைக் கண்டுபிடிக்க ஒன்பது வருஷம் ஆனதாம். எலிக்குக் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது, நல்ல உடம்புக்காரர்கள் சிலருக்கும் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. இனி நடுக்கம் உள்ளவர்களுக்குக் கொடுக்கவேண்டும். கண்ணாடிப் பானையில் தேறினால்தான் அந்தப் படிக்குப் போகலாம்.

அதுவரை ஒழுங்காகத் தேறிக்கொண்டிருந்த மாத்திரை திடீரென்று தோற்க ஆரம்பித்தது. நூறு பங்கு மருந்தில் எழுபது பங்குதான் திரவத்தில் இருந்தது. மாத்திரையோ முழுக்கக் கரைந்து மறைந்துவிட்டது. முப்பது பங்கு எங்கே? இயந்திரத்தைக் கழற்றி மாட்டினார்கள். அளக்கும் கருவியை மாற்றினார்கள். மாத்திரை செய்த ஆட்களைக் கூப்பிட்டு ஏசினார்கள். மூன்று முறை சோதனை, மூன்று முறையும் எழுபது. மருந்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் என்ன என்று மேலிடத்தில் ஒரு பேச்சும் கிளம்பியது.

கடைசியில் அளவுக்காரர் பழைய குறிப்பேட்டைப் புரட்டித் தேதிகளைப் பார்த்தார். மாத்திரை தோற்க ஆரம்பித்த வாரமும் நாலுதண்ணி வேலைக்குச் சேர்ந்த வாரமும் ஒன்றாக இருந்தன.

மேடம் அவளைக் கூப்பிட்டார்.

"பானையில சோப்பு மிச்சம் இருக்குன்னு நினைக்கிறோம். சோப்பு மருந்தைக் கெடுத்துடும். நீ வந்ததுக்கு அப்புறம்தான் இப்படி ஆகுது."

"நான் கழுவினதுல சோப்பா? மேடம், நாலு தண்ணி ஊத்தறேன்."

"எத்தனை தண்ணி ஊத்தினாலும் கணக்கு தப்பா வருதே. சனிக்கிழமையோட நின்னுக்கோ. கழுவற மெஷின் வாங்கச் சொல்லியிருக்கேன்."

மேலே பேசினால் அழுகை வரும் என்று அவளுக்குத் தெரியும். அழுவதற்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று வேகமாக நடந்தாள்.

அவள் கணவர் டயர் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவர். விஷயத்தைக் கேட்டதும் கரி படிந்த கையோடு வாசற்படியில் உட்கார்ந்தார்.

"வேலை போனா போகுது விடு. நம்ம கடையில வந்து டியூபைக் கழுவு."

"வேலை போறது வேற, பேரு போறது வேற. ஒழுங்கா கழுவத் தெரியாதவள்னு சொல்லி அனுப்பறாங்க. நாளைக்கு அந்த வழியா நான் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன்?"

"டியூப்ல ஓட்டை எங்கேன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறேன்? தண்ணியில முக்கினா குமிழி வரும். குமிழி வர்ற இடத்தைக் கஸ்டமர் கண்ணுக்கே காட்டிடுவேன். வாயால சொன்னா எவன் நம்பறான்?"

தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றது. கண்ணுக்குக் காட்டவேண்டும். காட்டுவதற்கு அவளிடம் ஒன்று இருந்தது. வந்த முதல் வாரத்திலிருந்தே பார்த்துவருகிறாள். எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்து வாயைத் திறக்கவில்லை. தனக்குத் தெரிந்தது படித்தவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்ததுதான் அவள் செய்த ஒரே தப்பு.

வெள்ளிக்கிழமை காலை இன்னொரு சோதனை இருந்தது. அவள் கூடத்துக்குள் நுழைந்து, யாரையும் கேட்காமல், கழுவின ஆறு பானைகளையும் மேஜையில் வரிசையாக வைத்தாள்.

"மேடம், சனிக்கிழமை நின்னுக்கறேன். அதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் பாருங்க. அளவுக்காரரே, நீங்களும் வாங்க. ஓரமா நின்னு சிரிக்க வேணாம், பக்கத்துல வந்து சிரிங்க."

முதல் பானையில் சுத்தமான தண்ணீரை ஊற்றிச் சாய்த்தாள். தண்ணீர் ஒரே போர்வையாக வழிந்தது. இரண்டாவது, மூன்றாவது, ஆறு வரைக்கும் ஒரு கிழிசல் இல்லை.

"சோப்பு போகணும், எண்ணெய்ப்பிசுக்கு போகணும், ரெண்டும் போனாத்தான் தண்ணி இப்படி ஓடும். பார்த்துக்கிட்டீங்களா? இப்ப உங்க மாத்திரையைப் போடுங்க."

சோதனை நடந்தது. அரை மணி நேரம் துடுப்பு சுற்றியது. அளவுக்காரர் திரவத்தை எடுத்து அளந்தார். அறுபத்தொன்பது. உதட்டைப் பிதுக்கினார். அவள் பானைகளை வெளியே எடுத்து, திரவத்தைக் கொட்டிவிட்டு, சோப்பைத் தொடாமல் வெறும் தண்ணீரை ஊற்றிச் சாய்த்தாள்.

திரவம் நின்ற மட்டத்துக்கு மேலே தண்ணீர் போர்வையாகவே இறங்கியது. மட்டத்துக்குக் கீழே வந்ததும் கோடு போட்டாற்போலக் கிழிந்தது. உள்சுவர் முழுக்க முத்து முத்தாக நின்றது. ஆறு பானையிலும் அதே கோடு, அதே முத்து.

"காய்ச்சல் மாத்திரை போடற அன்னிக்கு இப்படி வராது. தலைவலி மாத்திரைக்கும் வராது. இந்தக் குட்டி மாத்திரைக்கு மட்டும்தான் வரும். காணாமப் போன மருந்து எங்கேயும் போகலே மேடம். கண்ணாடியைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு இங்கதான் உக்காந்திருக்கு."

அளவுக்காரர் சிரித்தார். "மருந்து கண்ணாடியில ஒட்டிக்கிச்சாம்! அக்கா, இது என்ன அல்வாவா?"

மேடம் சிரிக்கவில்லை. பானையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து, பிசுக்கைக் கரைக்கிற ஆல்கஹாலில் கொஞ்சம் ஊற்றி, பானையின் உள்சுவர் முழுதும் படும்படி உருட்டி, அந்தச் சொட்டை அளவுக்காரரிடம் நீட்டினார்.

"அளந்து பாருங்க."

கருவி முனகியது. அளவுக்காரர் தாளைப் பார்த்தார், மறுபடி பார்த்தார், கழுத்தைச் சொறிந்தார்.

"இருபத்தொன்பது, மேடம்."

அறுபத்தொன்பதும் இருபத்தொன்பதும் தொண்ணூற்றெட்டு. மூன்று மாதமாகத் தொலைந்துபோயிருந்த மருந்து, அவள் ஒவ்வொரு முறையும் தேய்த்துக் கழுவிச் சாக்கடையில் விட்ட மருந்து, அதோ தாளில் உட்கார்ந்திருந்தது. மருந்தே கடுகளவுக்கும் குறைவு என்பதால், சுவரில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பூச்சு பூசினாலே மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது.

"சரி," என்றார் அளவுக்காரர், விட்டுக்கொடுக்க மனசில்லாமல். "முன்னாடியெல்லாம் எப்படி பாஸ் ஆச்சு? அப்பவும் இதே பானைதானே?"

அவள் இடுப்பில் கையை வைத்தாள்.

"பழைய ஆளு எத்தனை தண்ணி ஊத்துவாரு?"

பழைய ஆள் பானைக்குள் சோப்புத் தண்ணீரை ஒரு சுழற்று சுழற்றி, ஒரு தண்ணி காட்டிக் கவிழ்த்துவிட்டு டீ குடிக்கப் போவார் என்பது எல்லோருக்கும் தெரியும். பானைச் சுவரில் தங்கிப்போன அந்தச் சோப்புதான் மருந்தை ஒட்டவிடாமல் காப்பாற்றியிருக்கிறது. அழுக்குப் பானையில் தேறிய மாத்திரை, சுத்தமான பானை வந்ததும் தன் குணத்தைக் காட்டிவிட்டது.

மேடம் நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அங்கே யாரும் பார்த்ததில்லை.

"சோப்பு இருக்குன்னு உன்னைத் திட்டினேன். சோப்பு இல்லாததுதான் பிரச்சினையா! நீ மட்டும் வரலேன்னா நாங்க சோப்பை நம்பியே மாத்திரை பண்ணியிருப்போம்."

"மருந்தைக் கூட்டிப் போடப் போறதா பேசிக்கிட்டாங்களே?"

"போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா? மனுஷன் குடல்ல கண்ணாடிச் சுவர் இல்லை. அங்க பித்தநீர் இருக்கு. கொழுப்பைக் கரைக்கிறதுக்காக உடம்பே ஊத்திக்கிற சோப்பு மாதிரி. அது இருக்கறதால இந்த மருந்து எங்கேயும் ஒட்டாம நேரா ரத்தத்துக்குப் போயிடும். கூட்டிப் போட்ட அளவும் சேர்ந்து போகும். நடுக்கம் நிக்கும், கூடவே ஆளும் தலை சுத்தி விழுந்திருப்பார்."

அவள் மேஜையில் இருந்த பானைகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த வாரம் பானைத் திரவத்தில், பித்தநீர் செய்கிற வேலையைச் செய்யும் ஒரு சோப்பு உப்பை அளந்து சேர்த்தார்கள். அவள் நாலு தண்ணி அலசிய பானைகள்தான். துடுப்பு நின்றது. தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றாறு, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றேழு. பானையில் தண்ணீர் ஊற்றிச் சாய்த்தாள். அடியிலிருந்து விளிம்பு வரை போர்வை. அளவுக்காரர் அவளுக்குத் தன் கையால் டீ கொண்டுவந்து கொடுத்தார்.

"குடிங்க அக்கா. கப்பை நானே கழுவினேன்."

அவள் கப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "தெரியுது," என்றாள்.

கழுவும் மெஷின் வரவில்லை. நின்றுகொள்ளச் சொன்ன சனிக்கிழமை வந்தது, போனது. திங்கட்கிழமையும் அவள்தான் தொட்டி முன்னால் நின்றாள். மாத்திரை நோயாளிகளிடம் போனது. ஒன்றரை வருஷம் கழித்து ஒருநாள் மேடம் கூடத்தின் நடுவில் நின்று ஒரு செய்தி சொன்னார்: சோதனையில் சேர்ந்த ஒரு முதியவர், ஆறு வருஷத்துக்குப் பிறகு தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டாராம். எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள், ஈரக் கை என்பதால் சத்தம் பலமாக வந்தது.

அதே நாளில் சோதனைக் கூடத்தின் புது விதிப் புத்தகம் வந்தது. கண்ணாடி கழுவும் முறைக்கென்று ஒரு முழுப் பக்கம். போர்வைப் பரீட்சையும் அதில் ஏறியிருந்தது. அளவுக்காரர் அவளுக்காக உரக்கப் படித்தார்: "சோப்பு நீரில் தேய்த்தபின், தூய நீரில் மூன்று முறை அலசவேண்டும்."

"எத்தனை?"

"மூணு."

"யாரு சொன்னது மூணுன்னு?"

"மூணு போதும்னு கணக்குப் போட்டு எழுதியிருக்காங்க அக்கா. புத்தகம் சொல்லுது."

"அப்ப புத்தகத்தையே வந்து கழுவச் சொல்லுங்க."

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தொட்டியைவிட்டு விலகி நின்றாள். நின்றால் நின்றதுதான். அளவுக்காரர் மேடத்தைப் பார்த்தார். மேடம் பேனாவை எடுத்தார், "மூன்று" என்பதை அடித்துவிட்டு மேலே "நான்கு" என்று எழுதினார், பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்.

"இப்ப சரியா?"

அவள் புத்தகத்தை எட்டிப் பார்த்தாள். படிக்கத் தெரியாது. ஆனாலும் அடித்த இடத்தையும் எழுதிய இடத்தையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, குழாயைத் திறந்தாள்.